உதிர்ந்த இடத்தில் மட்டும் தூரிகை: பழைய ஓவியத்தைச் சீராக்குவது என்றால் என்ன?

ஸ்பெயின் நாட்டின் ஸரகோஸா மாகாணத்தில் போர்ஹா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள மிசெரிகோர்தியா திருத்தலத்தின் சுவரில், 1930 வாக்கில், எலியாஸ் கார்சியா மார்தீனெஸ் என்ற ஓவிய ஆசிரியர் முள்முடி சூடிய இயேசுவின் முகத்தை வரைந்தார். இரண்டு மணி நேர வேலைதான், பக்தியில் செய்தது. எண்ணெய் வண்ணத்தை நேராகச் சுவரில் பூசியிருந்தார். எண்பது ஆண்டுகளில் சுவரின் ஈரம் அந்த வண்ணத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்தது. அந்தக் கோயிலை நேசித்த, எண்பது வயது கடந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், முகம் அழிவதைப் பார்க்கப் பொறுக்காமல் தூரிகை எடுத்தார். 2012 ஆகஸ்டில் அந்தப் புதிய முகம் உலகம் முழுக்கப் பரவியது. எல்லோரும் சிரித்தார்கள்.

‘அவருக்கு வரையத் தெரியவில்லை’ என்பதுதான் அன்று பலர் சொன்ன விளக்கம். அது தவறான விளக்கம். கைதேர்ந்த ஓவியர் ஒருவர் அதே சுவரில் மிக அழகான முகத்தை வரைந்திருந்தாலும் கார்சியா மார்தீனெஸின் முகம் அதே அளவுக்குத்தான் மறைந்திருக்கும். ஒரே வேறுபாடு, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பழைய ஓவியங்களைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகை ஆபத்துதான் பெரியது. தெரிந்தவர் வேலைக்கும் தெரியாதவர் வேலைக்கும் இடையே உள்ள கோட்டை வரையும் திறமையை வைத்துப் போட முடியாது. உதிர்ந்த இடத்தின் விளிம்பில் கை நின்றதா, சேர்த்த பொருளை நாளைக்கு ஒருவர் மூலத்துக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியுமா, ஏன் உதிர்ந்தது என்று முதலில் பார்த்தார்களா: இவற்றை வைத்துத்தான் போட வேண்டும்.

ஓவியம் ஒரு அடுக்கு வேலை

கண்ணுக்குத் தெரிவது வண்ணம் மட்டுமே. அதற்குக் கீழே குறைந்தது இரண்டு அடுக்குகள் இருக்கும். அடியில் தாங்குதளம்: மரப்பலகை, துணி, அல்லது சுவர். அதன் மேல் வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, பெரும்பாலும் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்தது. அதன் மேல் வண்ணம். எண்ணெய் ஓவியமானால் எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். மரம் மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் சுருங்கும். அடிப்பூச்சு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது. எனவே இரண்டும் சேருமிடத்தில் பிடிப்பு விட்டுப்போகிறது. மேலே நாம் பார்க்கும் விரிசல் அந்தப் பிரிவின் கடைசி அறிகுறி.

சுவரோவியத்தில் எதிரி பெரும்பாலும் உப்பு. தரையிலிருந்தோ ஒழுகும் கூரையிலிருந்தோ வரும் நீர், செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரின் முகப்புக்கு வருகிறது. அங்கே நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. வண்ணத்துக்குப் பின்னாலேயே படிகமாக வளர்ந்து, உள்ளிருந்து விரலால் தள்ளுவதுபோல் வண்ணத்தைத் தள்ளும். சாதாரணக் கறியுப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும். அதற்குக் கீழே வந்தால் மறுபடி படிகமாகும். ஒரே நாளில் அந்த எல்லையை இரண்டு முறை கடக்கும் ஊர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு.

இப்போது அந்தச் சுவரில் புதிதாக எண்ணெய் வண்ணமோ எனாமலோ பூசினால் என்ன ஆகும்? நீர் வெளியேறும் வழி அடைபடும். அது பக்கவாட்டில் நகர்ந்து, இதுவரை நன்றாக இருந்த இடத்தில் வெளியே வரும். சில ஆண்டுகளில் புதுப்பூச்சும் உரியும். உரியும்போது தன்னோடு ஒட்டிய பழைய வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் சுவரோவியத்தில் தெரிந்தவர்கள் முதலில் செலவழிப்பது கூரை, வடிகால், அடித்தள ஈரம் ஆகியவற்றின் மேல். அந்த வேலை படத்தில் தெரியாது, செய்தியாகவும் வராது.

தொடுவதற்கு முன் பார்ப்பது

இருட்டறையில், ஓவியத்தின் ஒரு பக்கத்திலிருந்து அதன் பரப்பை ஒட்டினாற்போல் டார்ச் அடித்தால், தூக்கிக்கொண்ட ஒவ்வொரு செதிலும் நிழல் போடும். எங்கே தொடக் கூடாது என்பதன் வரைபடம் அது. அடுத்துப் புற ஊதா விளக்கு. பழைய பிசின் வார்னிஷ் அதில் பச்சை கலந்த மங்கலான ஒளியில் ஒளிரும். பின்னாளில் வார்னிஷின் மேல் யாராவது தூரிகை வைத்திருந்தால் அந்த இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும். அகச்சிவப்புக் கதிரில் வண்ணத்துக்கு அடியில் உள்ள கரிக்கோட்டு வரைவு வெளிப்படும். எக்ஸ்ரேயில் ஈயவெள்ளை, அதாவது ஈயம் கலந்த வெள்ளை வண்ணம், பூசிய இடங்கள் வெண்மையாக வரும். அதை வைத்து மூல ஓவியரின் உருவம் இப்போதிருப்பதிலிருந்து வேறுபட்டதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால், ஏற்கெனவே சிதைந்த விளிம்பிலிருந்து குண்டூசித் தலையைவிடச் சிறிய துணுக்கை எடுத்து, குறுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் அடுக்குகளை எண்ணுவார்கள்.

இவ்வளவும் புகைப்படங்களோடு எழுதிவைக்கப்படும். வேலைக்கு முன், வேலையின்போது, முடிந்தபின் என்று மூன்று கட்டப் படங்கள். இந்தக் கோப்பு இல்லாத சீரமைப்பை நல்ல சீரமைப்பு என்று ஏற்கவே கூடாது.

ஒட்டுவது, துடைப்பது, நிரப்புவது

முதலில் விழப்போவதைப் பிடிக்க வேண்டும். பலகை, துணி ஓவியங்களில் தூக்கிய செதிலின் மேல் மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்து, நீர்த்த பசையைத் தூரிகையால் தொடுவார்கள். பெரிதும் பயன்படுவது ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சிய பசை. நூறு பங்கு நீருக்கு இரண்டு மூன்று பங்கு பசைதான், கிட்டத்தட்ட தண்ணீர்போல இருக்கும். கெட்டியாக இருந்தால் விரிசலுக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்து, சுருங்கி, செதிலை இன்னும் வளைத்துவிடும். பசை இறங்கியபின், ஒட்டிக்கொள்ளாத சிலிக்கோன் தாளை மேலே வைத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள சிறு கரண்டியால் மெல்ல அழுத்துவார்கள். ஒட்டுவதற்கு முன் துடைத்தால் பஞ்சோடு செதிலும் வந்துவிடும். பழகாதவர் கை முதலில் துணிக்குத்தான் போகும், ஏனென்றால் அழுக்குதான் கண்ணை உறுத்துகிறது.

துடைப்பதும் ஒரே வீச்சில் நடப்பதில்லை. மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஓவியத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் சதுரத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். முதலில் வெறும் நீர். பிறகு எச்சில். இது கேலிப்பேச்சில்லை: எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி பரப்பில் படிந்த அழுக்கை மென்மையாக இளக்குகிறது, அருங்காட்சியகங்களில் இது வழக்கமான முறை. அதற்கும் மசியாவிட்டால் கரைப்பான்களை வீரியம் குறைந்ததிலிருந்து படிப்படியாக ஏற்றுவார்கள். பஞ்சைத் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். ஒவ்வொரு உருட்டலுக்குப் பின்னும் பஞ்சைப் பார்க்க வேண்டும். மஞ்சளாக வந்தால் பழைய வார்னிஷ். பழுப்பாக வந்தால் புகையோ தூசோ. நீலமோ சிவப்போ வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், வருவது ஓவியம். ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கே பஞ்சுகள் குவிந்துவிடும்.

இணையத்தில் சொல்வதுபோல உருளைக்கிழங்கு, ரொட்டி, வெங்காயம், சோப்புநீர் கொண்டு துடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாவுச்சத்து விரிசல்களில் தங்கிப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் உணவாகும். சோப்புநீர் விரிசல் வழியே இறங்கி அடிப்பூச்சின் பசையை ஊற வைக்கும். துடைத்த அன்று ஓவியம் பளிச்சென்றிருக்கும், மாதங்கள் கழித்து உதிரும். அதனால்தான் துடைத்ததற்கும் உதிர்ந்ததற்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்து நிரப்புவது. அடிப்பூச்சே போய்விட்ட பள்ளத்தில் சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்து நிரப்பி, சுற்றியுள்ள வண்ணத்தின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்துச் சமன் செய்வார்கள். விளிம்பில் ஒரு இழை தாண்டினாலும் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பார்கள். அதன் மேல்தான், அதுவும் அந்தப் பள்ளத்துக்குள் மட்டும், நிறம் வரும். மூலத்துக்கும் புது நிறத்துக்கும் நடுவே ஒரு வார்னிஷ் படலம் இருக்கும். நீர்வண்ணமோ, எளிதில் கரையும் செயற்கைப் பிசினில் குழைத்த வண்ணமோ பயன்படுத்துவார்கள். எண்ணெய் ஓவியத்தைச் சீராக்கும்போதும் எண்ணெய் வண்ணத்தைத் தொட மாட்டார்கள். புதியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகி, காலப்போக்கில் மஞ்சளாகி இருண்டுவிடும். இன்று பொருந்திய நிறம் இருபது ஆண்டில் கறையாகத் தெரியும். அதைவிட மோசம், அதற்குள் அது மூல வண்ணத்தைப்போலவே இறுகியிருக்கும். அதைக் கரைக்கும் திரவம் மூலத்தையும் கரைக்கும்.

எவ்வளவு நிறம் சேர்ப்பது என்பதற்கு இத்தாலியில் ஒரு அழகான விடை கண்டார்கள். ரோமில் 1939-இல் தொடங்கிய மத்திய சீரமைப்புக் கழகத்தில், செசாரே பிராந்தி இயக்குநராக இருந்த காலத்தில், இழப்பை நுண்ணிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறை உருவானது. மயிரிழைபோன்ற நீர்வண்ணக் கோடுகள் பக்கம் பக்கமாக நிற்கும். ஓரிரு அடி தள்ளி நின்றால் நிறங்கள் கலந்து உருவம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது பழையது, எது சேர்த்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பார்ப்பவருக்கு நிறைவும் வேண்டும், அவரை ஏமாற்றவும் கூடாது. அந்தக் கோடுகள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன.

நான்கு காது ஆட்டுக்குட்டி

பெல்ஜியத்தின் கென்ட் நகரில், செயின்ட் பாவோ பேராலயத்தில், வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-இல் முடிந்த, கதவுபோல் மூடித் திறக்கும் பெரிய பலகை ஓவியம் இருக்கிறது. நடுவில் பலிபீடத்தின் மேல் ஓர் ஆட்டுக்குட்டி. பதினாறாம் நூற்றாண்டில் இந்த ஓவியத்தைச் சீராக்கியவர்கள் திறமைசாலிகள். சிதைந்த இடத்தோடு நிற்காமல், நன்றாக இருந்த இடங்களின் மேலும் தங்கள் காலத்து ரசனைப்படி வரைந்துவிட்டார்கள். ஆட்டுக்குட்டியின் முகமும் அதில் அடக்கம். 1950-51-இல் நடந்த சீரமைப்பில் தலையைச் சுற்றியிருந்த பச்சை மேற்பூச்சை எடுத்தபோது, மூலத்தின் சிறிய காதுகள் வெளிப்பட்டன. மேற்பூச்சுக் காதுகளும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த ஆட்டுக்குட்டி நான்கு காதுகளோடு நின்றது.

2012-இல் தொடங்கிய புதிய சீரமைப்பில், மூடி வைத்தால் தெரியும் வெளிப்பக்கப் பலகைகளில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு பிற்கால மேற்பூச்சு என்று தெரிந்தது. நுண்ணோக்கியின் கீழ், அறுவைக் கத்தியால், அணு அணுவாகச் சுரண்டினார்கள். 2019-இன் இறுதியில் நடுப்பலகையின் வேலை முடிந்தபோது, ஆட்டுக்குட்டியின் கண்கள் முன்னோக்கி நம்மை நேராகப் பார்த்தன. கிட்டத்தட்ட மனித முகம். உடனே இணையத்தில் ‘போர்ஹாவைப்போல் கெடுத்துவிட்டார்கள்’ என்று பேசினார்கள். ஆனால் அதுதான் வான் ஐக் வரைந்த முகம். ஏறத்தாழ 470 ஆண்டுகள் மக்கள் பார்த்துப் பழகியது வேறொருவரின் முகம். நல்ல சீரமைப்பை அழகை வைத்து மட்டும் எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அந்த மேற்பூச்சை எடுக்க முடிந்ததற்கு ஒரு காரணம், நடுவில் பழைய வார்னிஷ் அடுக்கு இருந்ததுதான்.

தெரிந்தவர்களும் தவறுவார்கள்

அஜந்தாக் குகை ஓவியங்களைக் காப்பாற்ற, 1920-22-இல் ஹைதராபாத் நிஜாம் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்ற இரு சீரமைப்பாளர்களை வரவழைத்தார். பெயர்ந்த சாந்தை ஒட்டி நிறுத்தினார்கள், அது பெரும் உதவி. வண்ணம் உதிராமலிருக்க ஷெல்லாக், அதாவது அரக்குக் கரைசல், பூசினார்கள். அன்றைய அறிவுக்கு அது சரியான வேலை. ஆனால் அரக்கு நாளாக ஆக மஞ்சளாகிப் பழுப்பாகிறது, இறுகிச் சுருங்கி அடியில் உள்ளதை இழுக்கிறது. அதற்கு முன்பே ஓவியங்களைப் பார்த்து நகல் எடுக்க வந்தவர்கள் பூசிய வார்னிஷும் சேர்ந்துகொண்டது. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக அந்தப் படலங்களை நீக்கி வருகிறார்கள். ‘திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்கட்டும்’ என்ற விதி இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்துதான் பிறந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் சிக்கல் வேறு மாதிரி. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய உள்பாதையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணச் சாந்தின் மேல் வரைந்தவை என்று முடிவு சொன்னார். சாந்து ஈரமாக இருக்கையில் வரைந்தால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக மாறும்போது நிறமும் அதற்குள் பூட்டப்படுகிறது. அதனால்தான் மேலே இன்னொரு பூச்சு விழுந்தும் சோழர் வண்ணம் பிழைத்தது. மேலடுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக் கலை, சுரண்டி எறியக்கூடியதல்ல. எனவே தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியத்தை அதன் சாந்தோடு பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தினார்கள். கீழடுக்கும் தெரிந்தது, மேலடுக்கும் பிழைத்தது.

இதே பார்வையில் நம் கோயில் திருப்பணிகளைப் பார்த்தால் வேதனைதான் மிஞ்சும். பழைய ஓவியத்தின் மேல் அடித்த வெள்ளையைச் சுண்ணாம்பாக இருந்தால் பொறுமையாக எடுத்துவிடலாம். எனாமலை எடுப்பது மிகக் கடினம். கருங்கல்லை மணல்வீச்சால் ‘புதிதாக்கினால்’ உளித்தடமும் கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் மழுங்கும். போன கல்லை ஒட்ட எந்த ஆய்வகத்திலும் வழியில்லை.

வீட்டில் ஒரு பழைய தஞ்சாவூர் ஓவியம் இருந்தால்

தாத்தா காலத்துப் படம், கண்ணாடிக்குள் புள்ளி புள்ளியாகக் கறை, ஒரு மூலையில் தங்கத்தகடு தூக்கியிருக்கிறது. பலர் செய்வது: சட்டத்தைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, தூக்கிய இடத்தில் ஃபெவிகால் தடவி, போன நிறத்துக்குக் கடையில் வாங்கிய வண்ணம் பூசுவது. இந்த ஓவியத்தில் பலகையின் மேல் துணி, துணியின் மேல் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்த பூச்சு, புடைத்த வேலைக்கு அதே கலவையில் ‘மக்கு’, அதன் மேல் தங்கத்தகடு. கோந்து நீரில் கரையும். ஈரத்துணி பட்டதும் அடியில் உள்ள மக்கு இளகி, தகடு சுருங்கி, துணியோடு வந்துவிடும். ஃபெவிகால் காய்ந்தால் நீரில் திரும்பக் கரையாது. மக்கைவிட அது வலுவானது என்பதால் அடுத்த முறை பிளவு பசையில் வராது, மூல வேலையில் வரும்.

செய்யக்கூடியவை சிலவே. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் மேலே பார்க்க, மேசையில் கிடத்துங்கள். செல்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்து, தேதி எழுதி வையுங்கள். வண்ணமோ தகடோ கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தால் சட்டத்தைத் திறக்கவே வேண்டாம், திறந்தால் அது கண்ணாடியோடு போகும். சட்டத்தின் அடியில் மெல்லிய மரத்தூள் கொட்டியிருந்தால் பலகையில் துளைக்கும் வண்டு இருக்கிறது. மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ அடிக்காமல், மற்றப் படங்களிலிருந்து பிரித்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். திரும்ப மாட்டும்போது மழைநீர் இறங்கும் வெளிச்சுவரையும் விளக்குப் புகை படும் இடத்தையும் தவிர்த்து, சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்புறம் தக்கைத் துண்டு வைத்துக் காற்றுக்கு இடைவெளி கொடுங்கள்.

வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, எந்தப் பொருளால் ஒட்டப் போகிறார், அதை எதைக் கொண்டு திரும்ப எடுக்கலாம் என்று கேளுங்கள். நிறத்தை எங்கே நிறுத்துவார் என்றும் கேளுங்கள். ‘புத்தம் புதுசாக்கித் தருகிறேன்’ என்பவரிடம் கொடுக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு 1930-இலிருந்து இயங்குகிறது. மத்திய அரசின் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் லக்னோவில் இருக்கிறது, அதன் வட்டார மையம் மைசூரில். தகுந்த ஆளைத் தேடத் தொடங்குவதற்கு இவை நல்ல இடங்கள்.

உதிர்ந்து விழுந்த துணுக்குகளைப் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் வெள்ளைத்தாளில் ஒதுக்கி, தாளை மடித்து உறையிலிட்டு, எந்தப் பகுதியிலிருந்து விழுந்தது என்று மேலே எழுதி, படத்தின் பின்புறம் ஒட்டாமல் தனியே வையுங்கள். நகக்கண் அளவுத் தங்கத்தகடானாலும் தெரிந்தவர் கையில் அது தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். அந்த இடத்தில் புது நிறமும் வேண்டாம், புதுத் தகடும் வேண்டாம்.